ஹைட்ரோகோடோன்–பாராசிட்டமால் கூட்டு மாத்திரை

ஹைட்ரோகோடோன்–பாராசிட்டமால் கூட்டு மாத்திரை என்பது அபின் வகையைச் சேர்ந்த ஹைட்ரோகோடோன் என்னும் வலிநீக்கியையும், காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பரவலாகப் பயன்படும் பாராசிட்டமாலையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யப்படும் மருந்து ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பல் பிடுங்குதல், எலும்பு முறிவு, அறுவை மருத்துவம் போன்றவற்றைத் தொடர்ந்து வரும் கடும் வலிக்கு இது கொடுக்கப்படுகிறது. மருத்துவரின் மருந்துச் சீட்டு இல்லாமல் இதனை வாங்க இயலாது. விக்கோடின், லோர்டாப், நோர்கோ ஆகியவை இம்மருந்து அறியப்பட்ட வணிகப் பெயர்களுள் சில. 2010 ஆம் ஆண்டில் அந்நாட்டில் மிகுதியாக எழுதப்பட்ட மருந்து இதுவே. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 13 கோடியே 10 இலட்சம் மருந்துச் சீட்டுகளுக்கு இது வழங்கப்பட்டது.

இம்மாத்திரையைப் பற்றி முதலில் அறிய வேண்டியது, இது ஒரு மருந்தன்று, இரண்டு மருந்துகள் என்பதாகும். இரண்டுக்கும் செயல் வேறு, அளவின் எல்லை வேறு, நச்சுத்தன்மை வேறு, நச்சுமுறி மருந்தும் வேறு. அபின் வகை மருந்து என்றவுடன் அடிமையாகிவிடுவோம் என்ற அச்சம் பலருக்கும் எழுகிறது. அது நியாயமான அச்சமே. ஆனால் அதே மாத்திரையில் அதனைவிடப் பல மடங்கு எடையில் இருக்கும் பாராசிட்டமாலை எவரும் பொருட்படுத்துவதில்லை. இம்மாத்திரையால் நேர்ந்த கல்லீரல் கேடுகளுள் பெரும்பகுதி இந்தப் பாராமுகத்தால் நேர்ந்தவை. இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. ஒருவருக்குரிய அளவை முடிவு செய்ய வேண்டியவர் அவருக்கு மருந்து எழுதிய மருத்துவரே ஆவார்.

பெயரும் கலவையும்

கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கப்படும் பாலே அபின். அதில் இயற்கையாக உள்ள மார்பீன், கோடீன் ஆகியனவும், அவற்றைப் போன்று செயற்படும்படி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட வேதிப்பொருள்களும் சேர்ந்து ஓப்பியாய்டுகள் எனப்படுகின்றன. ஹைட்ரோகோடோன் 1920 இல் செருமனியில் கார்ல் மன்னிஷ், ஹெலனா லோவன்ஹைம் ஆகியோரால் கோடீனிலிருந்து முதன்முதலாக ஆக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு 1943 இல் ஒப்புதல் கிடைத்தது.

பாராசிட்டமாலின் பெயர் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பாராசிட்டமால் எனப்படும் அதே பொருள், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் அசெட்டமினோஃபென் எனப்படுகிறது. இரண்டும் ஒரே நீண்ட வேதிப்பெயரிலிருந்து வெவ்வேறு எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய சுருக்கங்களே. போதாக்குறைக்கு, அமெரிக்க மருந்தகங்கள் புட்டியின் மேல் ஒட்டும் தாளில் ஏ.பி.ஏ.பி. என்ற மூன்றாவது சுருக்கத்தையும் நெடுங்காலம் அச்சிட்டு வந்தன. இந்தப் பெயர்க்குழப்பம் சிறிய செய்தியன்று. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோரின் கைப்பையில் குரோசின், டோலோ அல்லது பனடோல் அட்டை ஒன்று இருப்பது வழக்கம். அங்கே பல் பிடுங்கியபின் கிடைக்கும் புட்டியில் அசெட்டமினோஃபென் என எழுதியிருந்தால், இரண்டும் ஒன்றே என்பது அவர்களுக்குத் தோன்றாமற் போகலாம்.

மாத்திரையின் வலிமை 5/325, 7.5/325, 10/325 என இரு எண்களால் குறிக்கப்படும். முதல் எண் ஹைட்ரோகோடோனின் அளவு, இரண்டாம் எண் பாராசிட்டமாலின் அளவு. இரண்டும் மில்லிகிராமில் உள்ளவை. மாத்திரையின் வலிமை கூடும்போது முதல் எண் மட்டுமே மாறுவதைக் கவனிக்கலாம். எனவே 10/325 மாத்திரை ஒன்றும் 5/325 மாத்திரை இரண்டும் சமமல்ல. ஹைட்ரோகோடோன் இரண்டு வகையிலும் 10 மி.கி. தான். ஆனால் பின்னதில் பாராசிட்டமால் 650 மி.கி. உள்ளே செல்கிறது. மருந்தகத்தில் வேறு வலிமையுள்ள மாத்திரை தரப்பட்டால், முன்பு உட்கொண்ட எண்ணிக்கையை அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

இதே அமைப்புடைய வேறு கூட்டு மாத்திரைகளும் உள்ளன. ஆக்சிகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்தது பெர்கோசெட். கோடீனும் பாராசிட்டமாலும் சேர்ந்தது ஐக்கிய இராச்சியத்தில் கோ-கோடமால் எனப்படுகிறது. டிராமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த மாத்திரை இந்தியாவிலும் விற்பனையில் உள்ளது. டிராமடால் 2018 ஏப்ரலில் இந்தியப் போதைமருந்துத் தடைச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. கீழே கூறப்படுபவற்றுள் பாராசிட்டமால் பற்றியவை இம்மாத்திரைகள் அனைத்துக்கும் பொருந்தும். அபின் வகை மருந்து பற்றியவற்றுள் நுணுக்கமான சில, மருந்துக்கு மருந்து வேறுபடும்.

செயற்படும் விதம்

ஹைட்ரோகோடோன் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மியூ ஏற்பிகள் எனப்படும் இடங்களில் பொருந்தி, வலிச் செய்தி மேலே செல்வதைக் குறைக்கிறது. வலியை மட்டுமன்றி, வலியினால் வரும் மனத்துன்பத்தையும் அது மழுங்கச் செய்கிறது. பாராசிட்டமால் வேறு வழியில், பெரும்பாலும் மூளைக்குள்ளேயே, செயற்படுகிறது. வெவ்வேறு வழிகளில் செயற்படும் இரண்டு மருந்துகளைச் சேர்த்தால், ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் கொடுத்தே போதிய வலிநீக்கம் பெறலாம் என்பது கூட்டு மாத்திரையின் அடிப்படை எண்ணம். சில நாள்கள் மட்டும் நீடிக்கும் வலிக்கு இந்த எண்ணம் சரியாகவே பொருந்துகிறது. சிக்கல், நாள்கள் வாரங்களாகும்போது தொடங்குகிறது.

அபின் வகை மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ளும் உடல் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. முதல் வாரத்தில் ஒரு மாத்திரை தந்த ஆறுதலை, சில வாரங்கள் கழித்து அதே மாத்திரை தருவதில்லை. இதனைத் தாங்குதிறன் என்பர். வலி குறையாதவர் இயல்பாகவே இன்னொரு மாத்திரையை எடுக்கிறார். அவர் தேடுவது ஹைட்ரோகோடோனை. ஆனால் ஒவ்வொரு மாத்திரையோடும் 325 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்தே வருகிறது. ஹைட்ரோகோடோனுக்கு உடல் பழகுவதைப் போலக் கல்லீரல் பாராசிட்டமாலுக்குப் பழகுவதில்லை. ஒன்றின் எல்லை மெல்ல நகர்கிறது, மற்றதன் எல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே மாத்திரையில் கட்டிவைத்திருப்பதால் முன்னதைத் துரத்துபவர் பின்னதைத் தாண்டிவிடுகிறார்.

2004 முதல் 2012 வரை ஒளிபரப்பான ஹவுஸ் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகரான மருத்துவர், கால்வலிக்காக விக்கோடின் மாத்திரைகளைக் கைநிறைய விழுங்குவதாகக் காட்டப்பட்டது. தொடர் அவருடைய அடிமைத்தனத்தைப் பற்றியே பெரிதும் பேசியது. அக்காலத்து விக்கோடின் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருந்தது. அந்த வேகத்தில் உட்கொள்ளும் ஒருவரின் கல்லீரல் தொடரின் முதல் சில வாரங்களையே தாண்டியிராது.

கல்லீரலும் பாராசிட்டமாலும்

உட்கொண்ட பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஒரு சிறுபகுதி மட்டும் என்.ஏ.பி.கியூ.ஐ. எனப்படும் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்னும் பொருள் உடனே அதனைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிகும்போது இயல்பான வழிகள் நிரம்பிவிடுகின்றன. நச்சுப்பொருள் கூடுதலாக உண்டாகிறது, குளூட்டாதயோன் இருப்போ தீர்ந்துபோகிறது. அதன்பின் அந்நச்சுப்பொருள் கல்லீரல் உயிரணுக்களின் புரதங்களோடு பிணைந்து அவற்றை அழிக்கிறது. நாள்தோறும் மது அருந்துபவர்களுக்கும், உணவின்றி நலிந்திருப்பவர்களுக்கும் இந்த நிலை விரைவில் வரக்கூடும். மது, நச்சுப்பொருளை உண்டாக்கும் நொதியைப் பெருக்குகிறது. பட்டினி, குளூட்டாதயோன் இருப்பைக் குறைக்கிறது. பல் பிடுங்கியதால் இரண்டு நாள் சரியாக உண்ணாதவரும் இப்பட்டியலில் அடங்குவார்.

நலமுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு, எல்லா வழிகளிலிருந்தும் சேர்த்து 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. என்பது பாராசிட்டமாலின் மேல் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. முதியோர், எடை குறைந்தோர், கல்லீரல் நோயுடையோர், மது அருந்துவோர் ஆகியோருக்கு மருத்துவர்கள் இதனிலும் குறைந்த எல்லையையே வகுப்பர்.

எல்லா வழிகளிலிருந்தும் சேர்த்து என்னும் சொற்களே இங்கு முக்கியம். எடுத்துக்காட்டாக, 10/325 மாத்திரையை ஒருவர் நாளுக்கு ஆறு என்ற உச்ச அளவில் உட்கொள்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு 1,950 மி.கி. பாராசிட்டமால் கிடைக்கிறது. இது எல்லைக்குள் நன்றாகவே அடங்கும். அவருக்குச் சளி பிடிக்கிறது. மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும் நைக்குவில் நீர்மருந்தை, அதன் உறையில் கூறியபடி 30 மி.லி. வீதம் நாளுக்கு நான்கு முறை குடிக்கிறார். ஒவ்வொரு வேளையிலும் 650 மி.கி. ஆக 2,600 மி.கி. பாராசிட்டமால் அதிலிருந்து கிடைக்கிறது. கூட்டினால் 4,550 மி.கி. ஆகிறது. அவர் எந்த உறையிலும் கூறப்பட்ட அளவை மீறவில்லை, இரண்டு உறைகளிலும் உள்ள அளவை அப்படியே பின்பற்றினார். அப்படியிருந்தும் எல்லையைத் தாண்டிவிட்டார். அந்த நீர்மருந்தில் உறக்கம் தரும் பொருளும், அதன் வழமையான வடிவத்தில் சிறிது மதுவும் இருப்பதால், கீழே கூறப்படும் மூச்சுத் தொல்லைக்கும் அவர் வழிவகுத்துக்கொண்டார்.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. ஐக்கிய அமெரிக்காவின் 22 பெரிய மருத்துவமனைகளில் 1998 முதல் 2003 வரை திடீர்க் கல்லீரல் செயலிழப்புடன் சேர்க்கப்பட்ட 662 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2005 இல் வெளியானது. அவர்களுள் 275 பேருக்கு, அதாவது 42 விழுக்காட்டினருக்கு, பாராசிட்டமாலே காரணமாக இருந்தது. அந்த 275 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் உட்கொண்டவர்கள் அல்லர், வலிக்காக உட்கொண்டு அறியாமல் அளவைத் தாண்டியவர்கள். அறியாமல் தாண்டியவர்களுள் 63 விழுக்காட்டினர் அபின் வகை மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளை உட்கொண்டிருந்தனர். 38 விழுக்காட்டினர் பாராசிட்டமால் அடங்கிய இரண்டு அல்லது மேற்பட்ட மருந்துகளை ஒரே காலத்தில் உட்கொண்டிருந்தனர்.

கல்லீரல் பாதிப்பின் இன்னொரு கொடுமை அதன் அமைதி. மிகை அளவு உட்கொண்ட முதல் நாளில் குமட்டல், வாந்தி, களைப்பு ஆகியவை மட்டுமே தோன்றலாம், எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ வலப்புற மேல்வயிற்றில் வலி தொடங்கும். மஞ்சள் காமாலை, குழப்பம், குருதி உறையாமை ஆகியவை மூன்றாம், நான்காம் நாள்களில் வெளிப்படும். என்-அசிட்டைல்சிஸ்டைன் என்னும் நச்சுமுறி மருந்து குளூட்டாதயோன் இருப்பை மீண்டும் நிரப்புகிறது. மிகை அளவு உட்கொண்ட எட்டு மணி நேரத்திற்குள் இதனைத் தொடங்கினால் கல்லீரலை ஏறத்தாழ முழுமையாகக் காக்கலாம். பிந்திக் கொடுத்தாலும் பயன் உண்டு, ஆனால் குறையும். ஆகவே உடல்நிலை நன்றாக இருப்பதாகத் தோன்றுவது காத்திருப்பதற்குக் காரணமாகாது. ஒரே வேளையில் மிகுதியாக உட்கொண்டவருக்குக் குருதியில் உள்ள பாராசிட்டமால் அளவை ஒரு வரைபடத்துடன் ஒப்பிட்டு ஆபத்தைக் கணிக்க முடியும். பல நாள்களாகச் சிறிது சிறிதாக எல்லையைத் தாண்டியவருக்கு அந்த வரைபடம் பயன்படாது. கூட்டு மாத்திரையால் பாதிக்கப்படுவோருள் பலர் இந்த இரண்டாம் வகையினரே.

மூச்சு

ஹைட்ரோகோடோனின் பெரும் ஆபத்து மூச்சு ஒடுங்குதல் ஆகும். குருதியில் கரியமில வாயு கூடும்போது மூளைத்தண்டு மூச்சை விரைவுபடுத்துகிறது. அபின் வகை மருந்து இந்த உணர்வை மழுங்கச் செய்கிறது. மூச்சு மெதுவாகி, ஆழம் குறைந்து, உறக்கத்தில் நின்றுபோகலாம். முதல் சில நாள்களிலும், அளவு கூட்டப்படும்போதும் இவ்வாபத்து மிகுதி. முதியோருக்கும், நுரையீரல் நோயுடையோருக்கும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுடையோருக்கும் ஆபத்து மேலும் மிகுதி. உரத்த, வழக்கத்திற்கு மாறான குறட்டையை நல்ல உறக்கம் என வீட்டார் எண்ணி விட்டுவிடுவதுண்டு. இம்மருந்து உட்கொண்டவரிடம் அது எச்சரிக்கை ஒலியாக இருக்கலாம்.

மது, உறக்க மாத்திரை, மனப்பதற்றத்திற்குத் தரப்படும் அல்பிரசோலம், டயஸிபம், லோராசிபம் போன்ற பென்சோடயசிப்பின் மருந்துகள் ஆகியவை இதே திசையில் செயற்படுகின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் சேரும்போது உயிரைப் பறிக்கலாம். இவ்விரு வகை மருந்துகளையும் சேர்த்து உட்கொள்வது பற்றிய கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 ஆகத்தில் கட்டாயமாக்கியது. நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை பற்றியும் 2019 இல் எச்சரித்தது. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல், ரிட்டோனவிர் போன்றவை ஹைட்ரோகோடோனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால், அதே மாத்திரை கூடுதல் வலிமையோடு செயற்படும். ஆதலால் வேறு மருத்துவர் எழுதிய மருந்துகள் உட்பட, உட்கொள்பவை அனைத்தையும் மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் கூறுவது இன்றியமையாதது. மதுப்பழக்கத்தை மறைப்பதும் உறக்க மாத்திரையைக் கூற மறப்பதும் வழக்கமாக நிகழ்கின்றன. மருத்துவரின் கணக்கு அங்கேயே தவறிப்போகிறது.

கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், எழுப்பினாலும் எழாமை, உதடும் நகமும் நீலமாதல், மூச்சு மிக மெதுவாதல் அல்லது திணறுதல் ஆகியவை மிகை அளவின் அடையாளங்கள். நலோக்சோன் என்னும் நச்சுமுறி மருந்து மியூ ஏற்பிகளிலிருந்து அபின் வகை மருந்தை அகற்றி மூச்சை மீட்கிறது. மூக்கில் தெளிக்கும் வடிவில் இதனை மருந்துச் சீட்டின்றி விற்க ஐக்கிய அமெரிக்காவில் 2023 மார்ச்சில் ஒப்புதல் தரப்பட்டது. அங்கே இம்மாத்திரையை உட்கொள்பவரின் வீட்டில் அது இருப்பதும், எங்கே இருக்கிறது என்பதை வீட்டார் அறிந்திருப்பதும் நல்லது. மருந்தைத் தெளிப்பதோடு 911 என்ற அவசர எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். நலோக்சோனின் ஆற்றல் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்களே நீடிப்பதால் கண்விழித்தவர் மீண்டும் மயங்கக்கூடும்.

கூட்டு மாத்திரையைப் பொறுத்தவரை இங்கே இன்னொரு பொறியும் உள்ளது. நலோக்சோன் பாராசிட்டமாலுக்கு எதிராக எதுவும் செய்யாது. எழுந்து உட்கார்ந்து பேசுபவரின் கல்லீரல் அதே நேரத்தில் அழிந்துகொண்டிருக்கலாம். எனவே மயக்கம் தெளிந்தபின்னும் மருத்துவமனைக்குச் சென்று குருதியில் பாராசிட்டமால் அளவைச் சோதிக்க வேண்டும். மாத்திரைப் புட்டியையும் உடன் கொண்டுசெல்வது மருத்துவருக்கு உதவும். அறிகுறி எதுவும் இல்லாமல் அளவு மட்டும் மிகுந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், ஐக்கிய அமெரிக்காவின் நச்சு உதவி மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

உட்கொள்ளும் முறை

பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை, வலி இருந்தால் மட்டும் உட்கொள்ளும்படி இம்மாத்திரை எழுதப்படுகிறது. வலி இருந்தால் மட்டும் என்பது மணி அடித்தவுடன் உட்கொள்ள வேண்டும் எனப் பொருள்படாது. வலி குறையத் தொடங்கிய நாளிலேயே இடைவெளியை நீட்டலாம். அதேபோல, மூன்றாம் மணியில் வலி திரும்பிவிட்டது என்பதற்காக அடுத்த வேளையை முன்னே இழுக்கவும் கூடாது. அத்தகைய நிலையில் மருத்துவரை அழைத்துக் கேட்பதே முறை.

உட்கொண்ட நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறித்துவைப்பது எளிய வழக்கம், ஆனால் மிகவும் பயனுள்ளது. இம்மருந்து உறக்கத்தையும் மறதியையும் தருவதால், உட்கொண்டோமா இல்லையா என்னும் ஐயம் நள்ளிரவில் எழுவது இயல்பு. தாள் இருந்தால் ஐயம் இல்லை. தாள் இல்லாமல் ஐயம் எழுந்தால், உட்கொண்டுவிட்டதாகக் கொள்வதே பாதுகாப்பு. அதே தாளில் பாராசிட்டமால் அடங்கிய பிற மருந்துகளையும் குறித்தால் நாளின் கூட்டுத்தொகை கண்முன் இருக்கும்.

வாகனம் ஓட்டுதல் தவிர்க்கப்பட வேண்டும். கருவுற்ற பெண்கள் நீண்ட நாள் உட்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கு மருந்து விலகல் துன்பம் உண்டாகலாம். பாலூட்டும் தாய்மார் மருத்துவரிடம் அதனை முன்னரே கூற வேண்டும். கோடீனை உடல் மார்பீனாக மாற்றியே பயன்படுத்துகிறது. இம்மாற்றம் சிலருக்குப் பிறவியிலேயே மிக விரைவாக நடப்பதால், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வலிக்குக் கோடீன், டிராமடால் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 ஏப்ரலில் அறிவித்தது.

மலச்சிக்கல் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால் அது பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. குடலிலும் மியூ ஏற்பிகள் உள்ளன. அவற்றின்மேல் மருந்து செயற்படுவதால் குடலின் அசைவு குறைகிறது. உறக்கமும் குமட்டலும் சில நாள்களில் தணியும், ஆனால் மலச்சிக்கல் மருந்து உள்ள வரை தணிவதில்லை. எனவே அது வரும் முன்னரே, நிலவாகை போன்ற மலமிளக்கியை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது வழக்கம். அறுவை மருத்துவத்திற்குப் பின் வலியைவிட மலச்சிக்கலே பெரிதாகத் துன்புறுத்தியதாகக் கூறுவோர் பலர்.

நிறுத்துதல்

சில நாள்கள் மட்டும் உட்கொண்டவர் அப்படியே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் நாள்தோறும் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, மனப்பதற்றம் ஆகியவை தோன்றும். இது உடலின் சார்பு நிலையே தவிர, அடிமைத்தனம் அன்று. மருந்தின்மேல் கட்டுக்கடங்காத நாட்டமும், தீங்கு தெரிந்தும் தொடர்தலும் இருந்தாலே அடிமைத்தனம் எனப்படும். சார்பு நிலையைக் கண்டு தாம் அடிமையாகிவிட்டோமென அஞ்சி, வெட்கத்தால் மருத்துவரிடம் கூறாமல் இருப்பவர்களே இடர்ப்படுகின்றனர். அளவைப் படிப்படியாகக் குறைத்தால் துன்பம் பெரிதும் தணியும்.

நிறுத்திச் சில வாரங்கள் கழிந்தபின் தாங்குதிறன் போய்விடுகிறது. அதன்பின் வலி திரும்பினால், பழைய புட்டியில் எஞ்சியவற்றைப் பழைய அளவில் உட்கொள்வது மூச்சை நிறுத்தக்கூடும்.

சட்டமும் அளவுக் கட்டுப்பாடும்

ஐக்கிய அமெரிக்காவின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஹைட்ரோகோடோனைக் கடுமையான இரண்டாம் பட்டியலிலும், பாராசிட்டமால் போன்றவற்றோடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளை நெகிழ்வான மூன்றாம் பட்டியலிலும் வைத்தது. தொலைபேசியில் எழுதிக்கொடுக்கவும், ஒரே சீட்டில் ஆறு மாதங்களுக்குள் ஐந்து முறை மீண்டும் பெறவும் மூன்றாம் பட்டியல் இடம் தந்தது. கூட்டு மாத்திரை தனி மருந்தைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் மக்களிடமும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பாராசிட்டமால் சேர்ந்ததால் சட்டம் தளர்ந்தது, பயன்பாடு பெருகியது. கல்லீரல் அதன் விலையைக் கொடுத்தது.

அக்காலத்தில் சில மாத்திரைகளில் 750 மி.கி. வரை பாராசிட்டமால் இருந்தது. 7.5/750 மாத்திரையை நாளுக்கு ஆறு என உட்கொண்டால் 4,500 மி.கி. ஆகிவிடும் என்பதால் அதன் உறையில் ஐந்துக்கு மேல் கூடாது என எழுதியிருந்தனர். ஒரே ஒரு மாத்திரை கூடினால் எல்லை தாண்டிவிடும் நிலை. 2009 சூனில் உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரைக் குழு, இத்தகைய கூட்டு மாத்திரைகளை அறவே நீக்கிவிடலாம் என 20 க்கு 17 என்ற வாக்குகளில் பரிந்துரைத்தது. நிர்வாகம் அந்த அளவுக்குச் செல்லவில்லை. ஒரு மாத்திரையில் 325 மி.கி. க்கு மேல் பாராசிட்டமால் இருக்கக் கூடாது என 2011 சனவரியில் அறிவித்து, உற்பத்தியாளர்களுக்கு மூன்றாண்டுத் தவணை தந்தது. கல்லீரல் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. 2014 அக்டோபர் 6 அன்று கூட்டு மாத்திரைகளும் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. அடுத்த 12 மாதங்களில் மருந்துச் சீட்டுகளின் எண்ணிக்கை 22 விழுக்காடு குறைந்தது.

அளவுக் கட்டுப்பாட்டின் விளைவை 2023 இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பாராசிட்டமாலும் அபின் வகை மருந்தும் சேர்ந்த நச்சுப் பாதிப்பு, 2011 அறிவிப்புக்கு முன் ஒரு இலட்சம் மருத்துவமனைச் சேர்க்கைகளுக்கு 12.2 ஆக இருந்தது. அது 2019 இன் இறுதியில் 4.4 ஆகக் குறைந்திருந்தது. நோயாளிகளின் பழக்கத்தை மாற்றாமலே, மாத்திரையின் இரண்டாவது எண்ணைக் குறைத்ததால் கிடைத்த பயன் இதில் பெரும்பகுதி எனக் கருத இடமுண்டு.

தேவையா என்னும் கேள்வி

நியூயார்க்கின் பிராங்சு பகுதியில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கை அல்லது கால் வலியுடன் வந்த 411 பேரின் முடிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2017 இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஐபுபுரோஃபென் 400 மி.கி. உடன் பாராசிட்டமால் 1,000 மி.கி. தரப்பட்டது. மற்ற மூன்று பிரிவினருக்கு ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகியவற்றின் கூட்டு மாத்திரைகள் தரப்பட்டன. இரண்டு மணி நேரம் கழித்து வலி குறைந்த அளவில் நான்கு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லா வலிக்கும் இது பொருந்தும் எனக் கொள்ள முடியாது. பெரும் அறுவை மருத்துவத்திற்குப் பின்னும், ஐபுபுரோஃபென் ஒவ்வாத சிறுநீரக நோயாளிக்கும், வயிற்றுப்புண் உள்ளவருக்கும் நிலைமை வேறு. ஆயினும் அபின் வகை மருந்து இல்லாமல் தொடங்கிப் பார்க்கலாமா என மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

எஞ்சிய மாத்திரைகள்

இருபது மாத்திரைகள் எழுதப்பட்டு ஆறு மட்டும் தேவைப்படுவது அடிக்கடி நிகழ்வது. எஞ்சிய பதினான்கும் குளியலறை அலமாரியில் தங்கிவிடுகின்றன. தவறாகப் பயன்படுத்துவோர் பலருக்கு மாத்திரை கிடைக்கும் இடம் நண்பரின் அல்லது உறவினரின் அலமாரியே. வலிக்கிறது என்று கூறும் உறவினருக்கு இரக்கத்தால் ஒன்றைக் கொடுப்பதும் ஆபத்தானது. அவர் வேறு என்ன மருந்து உட்கொள்கிறார் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. தாங்குதிறன் இல்லாத சிறு குழந்தையின் மூச்சை நிறுத்த ஒரு மாத்திரையே போதுமானதாகலாம் என்பதால், பயன்படுத்தும் காலத்திலும் பூட்டி வைப்பது முறை.

ஐக்கிய அமெரிக்காவில் 2010 முதல் எஞ்சிய மருந்துகளைத் திரும்பப் பெறும் நாள்கள் நடத்தப்படுகின்றன. பல மருந்தகங்களில் அதற்கெனப் பெட்டிகளும் உள்ளன. அவ்வாய்ப்பு அருகில் இல்லாதபோது கழிவறையில் கொட்டி நீரூற்றலாம் என உணவு மருந்து நிர்வாகம் கூறும் சிறிய பட்டியலில் ஹைட்ரோகோடோன் இடம்பெறுகிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளை அவ்வாறு கொட்டக் கூடாது. அவற்றை ஈரமான காப்பித்தூள் சக்கை போன்ற விரும்பத்தகாத பொருளோடு கலந்து, மூடிய பையில் இட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும். புட்டியை எறியும் முன் அதன்மேல் உள்ள பெயரையும் மருந்துச் சீட்டு எண்ணையும் அழித்துவிட வேண்டும்.